மந்திரக் குழலை என்ன செய்வது? இசையால் இயங்கும் ஒரு மாயக்காட்டை எழுத உதவி தேவை

#1 கரட்டுமேடு

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மலைக்காடு, ஏழெட்டுச் சிற்றூர், பெரிய மன்னர் யாரும் இல்லை. அந்த உலகத்தில் மந்திரம் என்றால் இசைதான். தகடு, எலுமிச்சை, உச்சாடனம் எதுவும் கிடையாது. நாயகனிடம் ஒரு மூங்கில் குழல். ஊதினால் யானை மண்டியிடும், அருவி நிற்கும், புயல் வந்த வழியே திரும்பிப் போகும்.

மூன்று அத்தியாயத்தை ஒரு நண்பனிடம் படிக்கக் கொடுத்தேன். "குழல்னு வர்ற இடத்துல எல்லாம் ரிமோட்னு போட்டுப் பார்த்தேன்டா, கதை அப்படியே ஓடுது" என்றான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போட்டுப் பார்த்தேன். ஓடத்தான் செய்கிறது.

காற்று, அருவி, வண்டு, இலை எழுப்பும் சத்தத்திலேயே மாயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது எப்படி வேலை செய்யும்? யார் பேச்சைக் கேட்கும்? யார் பேச்சையும் கேட்காது என்றால் நாயகனுக்குக் கதையில் என்ன வேலை? வெளிநாட்டுக் கதைகள் கொஞ்சம் படித்திருக்கிறேன். நம் பழைய பாட்டுகளில் இதெல்லாம் நிறைய இருக்கிறது என்று சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததோடு சரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வௌவால்மரம்

அந்த நண்பரை விட்டுவிடாதீர்கள். இப்படிச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

#3 பழையபாட்டு

தம்பி, அகநானூறு 82ஆம் பாட்டை முதலில் படியுங்கள். கபிலர் பாடியது. நான் வகுப்பில் இருபது வருடம் நடத்தியிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

ஆடமைக் குயின்ற அவிர்துளை மருங்கில்
கோடை அவ்வளி குழலிசை ஆக

ஆடுகிற மூங்கிலில் துளை விழுந்திருக்கிறது. மேல்காற்று அதில் புகுந்து குழல் வாசிக்கிறது. அருவி விழும் ஓசை முழவு. கலைமான் கூட்டத்தின் கரகரத்த குரல் தூம்பு என்ற ஊதுகருவி. பூஞ்சாரலில் வண்டு யாழ். இந்தக் கச்சேரியைக் கேட்டு மயில் ஆடுகிறது, விழாக்களத்தில் விறலி ஆடுவதுபோல. பார்க்க வந்த கூட்டம் யார் தெரியுமா? மந்திகள். ஒன்றும் புரியாமல் மருண்டு பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பாணர் கூட்டம் ஊர்விழாவில் வந்து உட்காருமே, அந்தக் குழு முழுவதும் இங்கே இருக்கிறது. வாசிக்கிற மனிதன் மட்டும் இல்லை. உங்கள் நாயகன் குழலை எடுத்து ஊதுவதற்கு முன்பே அங்கே கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது.

பாட்டு அதோடு முடியவில்லை. அப்படிப்பட்ட மலைநாட்டுக்காரன் ஒருவன், கையில் வில்லோடு, யானை போன வழியைக் கேட்டுக்கொண்டு தினைப்புனத்து ஓரம் வந்து நின்றான். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவனைப் பார்த்தவர்கள் பலர். ஆனால் இருட்டில் படுக்கையோடு கிடந்து கண்ணீர் விடுவது நான் ஒருத்திதான், ஏன்? மயக்கம் எல்லோர் மீதும் விழவில்லை. ஒருத்தியைப் பிடித்துக்கொண்டது. உங்கள் மாயத்துக்கு ஒரு விதி தேடுகிறீர்கள் என்றால் இங்கேயே ஒன்று கிடக்கிறது.

#4 ஈரக்காற்று

கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிறேன். மூங்கில் விஷயம் கொஞ்சம் சொல்லலாம்.

முதலில், "கோடை" என்பதைப் பார்த்து வெயில்காலம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பாட்டில் அது காற்றின் பெயர். கிழக்கே இருந்து வருவது கொண்டல், வடக்கே இருந்து வாடை, தெற்கே இருந்து தென்றல், மேற்கே இருந்து கோடை. எங்கள் ஊரில் ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைக் கேட்டவர்களுக்கு அந்த வரிக்கு உரையே வேண்டாம்.

அப்புறம் அந்தத் துளை. கருகருவென்று, கட்டைவிரல் பருமனில், ஹெலிகாப்டர் மாதிரி சத்தத்தோடு ஒரு வண்டு சுற்றுமே, அதுதான் போடுகிறது. உண்மையில் அது தேனீ வகை. காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைந்து உள்ளே மகரந்தம் சேர்த்து முட்டையிடும். சுண்டுவிரல் நுழைகிற அளவில் வட்டமாக, தச்சர் துளைக்கருவியால் போட்டதுபோலவே இருக்கும். கீழே மாவு மாதிரி மூங்கில் தூள் கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் மேலே துளை எங்கே என்று தேடுவோம்.

ஆனால் ஒன்று. மூங்கில் காட்டில் போய் நின்றால் உங்களுக்குக் கேட்பது பெரும்பாலும் குழல் இல்லை. கழைகள் ஒன்றோடொன்று உரசும் "கிறீச்"தான். பழைய கதவு திறப்பது போல, சில சமயம் குழந்தை அழுவது போல இருக்கும். குழல் ஓசை அபூர்வம். காற்று சரியான கோணத்தில் துளையின் விளிம்பில் பட வேண்டும். நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் யாரோ வருகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

#5 வௌவால்மரம்

அக்கா சொன்னதன் இயற்பியல்: காற்று விளிம்பில் பட்டு உள்ளே கொஞ்சம் வெளியே கொஞ்சம் என்று மாறி மாறிப் பிளக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று அதிர்கிறது. வெற்றுப் பாட்டிலின் வாயில் ஊதுகிறோமே, அதேதான். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே நீளம் என்றால் தாழ்ந்த சுரம், குட்டை என்றால் உச்சம். கணு இடைவெளி கழைக்குக் கழை மாறுவதால் ஒவ்வொரு புதருக்கும் ஒரு சுரக்கட்டு இருக்கும் என்று கதையில் தாராளமாக எழுதலாம்.

#6 ஈரக்காற்று

இன்னொன்றும் எழுதலாம். பெருமூங்கில் 40, 50 வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்தால் கூட்டத்தோடு பூத்து, விதை கொட்டி, கூட்டத்தோடு காய்ந்து சாகும். மூங்கில் அரிசி பொறுக்க எல்லோரும் போவார்கள். வண்டு பச்சை மூங்கிலை அவ்வளவாகத் தொடாது, காய்ந்ததைத்தான் தேடிப் போகும். ஆகவே காடு முழுக்கக் குழலாக மாறுவது மூங்கில் செத்த பிறகுதான். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் இசைக்காலம். ஊரில் வயதானவர்களுக்கு மட்டுமே அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

#7 கரட்டுமேடு

அக்கா, இந்த ஒரு பதிவுக்காகவே என் முதல் அத்தியாயத்தைக் கிழித்துப் போடுகிறேன்.

ஆனாலும் பழைய சந்தேகம் அப்படியே நிற்கிறது. எல்லாம் காடே செய்தால் மனிதர்கள் வாசிப்பது எதற்கு? மனிதன் இசையால் விலங்கு அடங்கியதாக எதுவும் இல்லையா, ஐயா?

#8 பழையபாட்டு

நிறைய இருக்கிறது. அங்குசத்துக்கு அடங்காத மதயானை யாழுக்கு அடங்கியது போல என்று கலித்தொகையில் உவமையே உண்டு. பொருநராற்றுப்படையில் இன்னும் ஒரு படி மேலே. வழிப்பறிக் கள்வர் பாலைப் பண்ணைக் கேட்டதும் ஆயுதத்தைக் கீழே போடுவார்களாம், "ஆறலை கள்வர் படைவிட". பாணர் கூட்டம் பாலைவழி போவது அந்த நம்பிக்கையில்தானோ என்னவோ.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது அகநானூறு 102. காவல்காரக் கானவன் கள் குடித்துவிட்டுப் பரணில் கிடக்கிறான். கொடிச்சி, அதாவது மலைக்குறவர் பெண், சந்தனம் பூசிய கூந்தலை விரித்து, கையால் கோதிக் காற்றில் ஆற்றிக்கொண்டே குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த இளங்களிறு அதைக் கேட்கிறது. கதிரைப் பறிக்கவும் இல்லை, நின்ற இடத்தை விட்டுப் பெயரவும் இல்லை. "படாஅப் பைங்கண் பாடு பெற்று", மூடாத கண் மூடி, நின்றபடியே தூங்கிப்போகிறது.

அவள் யானையை மயக்கப் பாடவில்லை என்பதை கவனியுங்கள். யானை வந்ததே அவளுக்குத் தெரியுமா என்று பாட்டு சொல்லவில்லை. தலை காய வைத்துக்கொண்டு சும்மா பாடினாள். பயிர் பிழைத்தது.

பக்திக்காலத்துக்கு வந்தால் கதை வேறு. பெரியாழ்வாரில் கண்ணன் குழலூதும்போது மான்கள் மேய்ச்சலை மறந்து நிற்கின்றன, வாயில் இருந்த புல் கடைவாய் வழியாக நழுவுகிறது. மரங்கள் தேன் சொரிகின்றன, கிளைகள் தாழ்கின்றன. அழகு சொல்லி முடியாது. ஆனால் அங்கே ஊதுபவன் கடவுள், காடு அவனைப் பார்த்து நிற்கிறது. ஆனாய நாயனார் மனிதர்தான், கொன்றை மரத்தடியில் நின்று ஐந்தெழுத்தை ஊதினார், அங்கேயும் பசுக்கள் அசைபோடுவதை நிறுத்தின. உங்கள் முதல் வரைவு அந்த வழியில் வந்தது. அது தப்பில்லை. பக்தியை எடுத்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொண்டால்தான் ரிமோட் ஆகிவிடுகிறது.

#9 பனிக்காடு

பின்லாந்துக்காரர்களின் கலேவலா காவியத்தையும் ஒரு பார்வை பாருங்கள். எலியாஸ் லொன்ரோட் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி 1835இல் வெளியிட்டு, 1849இல் விரிவாக்கியது. அதில் வைனாமொய்னன் என்ற கிழப் பாடகன் ஒரு பெரிய விலாங்கு மாதிரி... இல்லை, விலாங்கு இல்லை, பைக் என்கிற பல் நிறைந்த நன்னீர் மீன், அதன் தாடை எலும்பில் கந்தேலே என்ற நரம்புக்கருவி செய்கிறான். அவன் வாசித்ததும் காட்டு விலங்கெல்லாம் வருகிறது, மனிதர்கள் அழுகிறார்கள். கடைசியில் வாசிக்கிறவனே அழுகிறான். அந்தக் கண்ணீர் கடலில் விழுந்து முத்தாகிறது.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது. அந்த மீன்தாடைக் கருவி கடலில் போய்விடும். தேடிக் கிடைக்காமல் கிழவன் நடந்து வரும்போது ஒரு பூர்ஜ மரம் (பிர்ச்) அழுவதைக் கேட்கிறான். என்ன என்று கேட்டால் மரம் தன் கஷ்டத்தைச் சொல்கிறது: பட்டையை உரிக்கிறார்கள், கிளையை வெட்டுகிறார்கள், குளிரில் வெறும் உடம்போடு நிற்கிறேன் என்று. அழுகிற அந்த மரத்தில்தான் இரண்டாவது கந்தேலே செய்கிறான். நரம்புக்கு ஒரு பெண்ணின் கூந்தல்.

பழையபாட்டு ஐயா சொன்ன யானையைவிட இது, யாழ் மீட்டி விலங்குகளை மயக்கிய கிரேக்கக் கதைப் பாடகன் ஆர்ஃபியஸுக்கு நெருக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவிக்குள் ஏற்கனவே ஒரு அழுகை இருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

#10 கரட்டுமேடு

இப்போது வில்லன் பக்கம். அசுணமா என்று ஒன்றைப் பற்றிப் படித்தேன். யாழைக் கேட்டால் மயங்கும், பறையைக் கேட்டால் செத்துவிடும். இது மாயக்கதைக்கென்றே பிறந்த மிருகம்! என் திட்டம்: நாயகன் கூட்டம் யாழ், வில்லன் கூட்டம் பறை. இறுதிப் போரில் வில்லன் ஆயிரம் பறையை முழக்கி அசுணங்களைக் கொல்கிறான். எப்படி?

#11 தோல்சூடு

நல்லா இருக்கு தம்பி. பறை அடிக்கிறவன் எல்லாம் கெட்டவன், நரம்பு மீட்டுகிறவன் எல்லாம் நல்லவன். இதைத்தான் எங்கள் ஊரில் நிஜத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள், மாயக்கதையில் வேறு படிக்க வேண்டுமா?

நான் பறையடிக்கிறவன். கோபத்தில் எழுதவில்லை, கொஞ்சம் அலுப்பில் எழுதுகிறேன். பெரிய மேடை ஒன்றில் எங்களை வாசலில் வரவேற்புக்கு அடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே வீணைக் கச்சேரி வைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு "அந்தப் பக்கம் குழாய் இருக்கு" என்றார்கள். அந்த ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பறைக்கு மாயம் வேண்டும் என்றால் பறையைக் கிட்டே போய்ப் பாருங்கள். மாட்டுத்தோல். ஈரம் பட்டால் தொய்ந்துவிடும், அடித்தால் சாக்குமூட்டையைத் தட்டுவது போலக் கேட்கும். வைக்கோலும் சருகும் போட்டு நெருப்பு மூட்டி, வளையத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவோம். தோல் இறுக இறுகச் சத்தம் ஏறும். விரலால் சுண்டிப் பார்த்தால் தெரியும், "டிண்" என்று சொல்லும். கொஞ்சம் அதிகமாகக் காட்டினால் கிழிந்துவிடும். அடிக்குச்சி ஒரு கை, சிம்புக்குச்சி ஒரு கை. பாதி அடித்துக்கொண்டிருக்கும்போதே தொய்யும், திரும்ப நெருப்புக்கு ஓட வேண்டும்.

மலைக்காடு என்றீர்கள், அங்கே ஈரத்துக்குக் குறைவிருக்காது. அந்த ஈரத்துக்கு எதிராக நெருப்பை வைத்து மனிதன் உண்டாக்கிக்கொள்கிற சத்தம் இது. யாழும் குழலும் காட்டில் தானாகவே கேட்கலாம். பறை தானாகக் கேட்காது. அதை யோசியுங்கள்.

#12 நெறியாளர்

விவாதம் நன்றாகவே போகிறது. தோல்சூடு அண்ணன் எழுப்பிய விஷயத்தை யாரும் திசைதிருப்ப வேண்டாம். ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன், ஏன் என்று எழுதியவருக்குத் தெரியும்.

#13 பழையபாட்டு

தோல்சூடு சொல்வதற்குத் தொல்காப்பியத்திலேயே ஆதாரம் இருக்கிறது. நிலத்துக்கு உரிய கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று வரிசையாக வருகிறது. பறையும் யாழும் ஒரே பட்டியலில், ஒரே மரியாதையோடு. பின்னால் வந்த அகப்பொருள் நூல்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிரித்துத் தருகின்றன. அந்த உலகத்தில் மரத்தையும் மயிலையும் போலப் பறையும் மண்ணோடு சேர்ந்தது.

அசுணத்துக்கு வருவோம். அது எந்த உயிர் என்று யாருக்கும் தெரியாது. சிலர் பறவை என்பார்கள், சிலர் விலங்கு என்பார்கள். நற்றிணை 304, மாறோக்கத்து நப்பசலையார் பாட்டு. தலைவன் வந்து சேரும்போது மேனி அழகு பெறுகிறது, பிரிந்தால் வெளிறிப் பசலை பாய்கிறது. ஆகவே அவன் மார்பு,

அசுணம் கொல்பவர் கைபோல் நன்றும்
இன்பமும் துன்பமும் உடைத்தே

யாழ் வாசித்து அதை வெளியே வரவழைத்து, மயங்கி நிற்கும்போது பறையை அடித்துக் கொல்வார்கள் என்று உரைகாரர்கள் விரித்துச் சொல்கிறார்கள். பாட்டில் இருப்பது கை மட்டும்தான். அதுவும் ஒரே கை. யாழ் மீட்டிய கைதான் பறையையும் எடுக்கிறது. தம்பி, இரண்டு படையாகப் பிரித்தீர்களே, நப்பசலையார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே அதை ஒரு ஆளுக்குள் வைத்துவிட்டார்.

பறை ஒலித்தால் அசுணம் உயிர் வாழாது என்று நான்மணிக்கடிகையில் வருவது தன்மானத்துக்கு உவமை. அதில் பறையின் மீது பழி இல்லை. மயிர் நீப்பின் வாழாத கவரிமான் மாதிரி, அசுணத்தின் பெருமையைச் சொல்வது.

#14 தோல்சூடு

ஒரே கை என்பது பிடித்திருக்கிறது ஐயா. அப்படி எழுதினால் படிப்பேன்.

#15 வௌவால்மரம்

என் பெயருக்கு ஏற்ற ஒரு யோசனை. குகையில் வாழும், காது கூர்மை, பெரிய சத்தம் ஆகாது. அசுணம் ஏன் வௌவாலாக இருக்கக் கூடாது?

#16 பழையபாட்டு

வௌவாலைப் பழம்பாடல்கள் "வாவல்" என்று தனியாகவே பேசுகின்றன. நம் ஆட்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் குகை என்றது சரி. அகநானூறு 88இல் அது கல்லின் பிளவில், அளைக்குள் இருக்கிறது:

இருஞ்சிறைத் தொழுதி ஆர்ப்ப யாழ்செத்து
இருங்கல் விடரளை அசுணம் ஓர்க்கும்

யானையின் மதநீரை மொய்க்க வந்த வண்டுக்கூட்டம் ஆர்க்கிறது, குகைக்குள் இருந்த அசுணம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது.

#17 கரட்டுமேடு

"யாழ்செத்து" என்றால் யாழ் இறந்துபோய் என்றா? நடுங்கிவிட்டது ஐயா, அபாரமான வரி!

#18 பழையபாட்டு

இல்லையப்பா. இங்கே "செத்து" என்றால் கருதி, என்று நினைத்து. வண்டு ஒலியை யாழ் என்று நினைத்து அசுணம் கேட்கிறது. இந்தத் தப்பை வருடத்துக்குப் பத்துப் பிள்ளைகள் செய்வார்கள், வெட்கப்பட வேண்டாம்.

இதே சொல் பெரும்பாணாற்றுப்படையில் தலைகீழாக வருகிறது. மாடு மேய்க்கும் இடையன் தீக்கடைகோலில் நெருப்பு உண்டாக்கி, அந்தக் கொள்ளியால் மூங்கிலில் துளை போட்டுக் குழல் செய்கிறான். அது அலுத்ததும் குமிழ மரத்தின் உள்துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் என்ற செடியின் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து குறிஞ்சி வாசிக்கிறான். அதைக் கேட்ட வண்டுகள், "பல்காற் பறவை கிளைசெத்து ஓர்க்கும்", தங்கள் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக் கேட்கின்றன.

#19 ஈரக்காற்று

இதை இரண்டு தடவை படித்தேன். ஒரு பாட்டில் வண்டை யாழ் என்று நினைக்கிறது அசுணம். இன்னொரு பாட்டில் யாழை வண்டு என்று நினைக்கிறது வண்டு. நான் மூங்கில் ஓசையைக் கேட்டு யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன்.

கரட்டுமேடு, உங்கள் மாயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் யாரையும் அடக்கவில்லை. எல்லோரும் தப்பாகக் கேட்கிறார்கள். காடு மனிதனை வண்டு என்று நினைக்கிறது, மனிதன் காட்டை மனிதன் என்று நினைக்கிறான். அந்தத் தப்பு நீடிக்கிற நேரம் மட்டும் யானை தூங்குகிறது, கள்வன் வாளைப் போடுகிறான். தப்பு தெளிந்ததும் முடிந்துவிடும். அசுணத்தைக் கொல்கிறவனுக்குத் தெரிந்த தொழில் அந்தத் தெளிவை எப்போது கொடுப்பது என்பதுதான். தோல்சூடு அண்ணன் சொன்னாரே, பறை தானாகக் கேட்காது என்று. காட்டில் வேறு எதுவென்றும் தவறாக நினைக்க முடியாத ஒரே சத்தம் அது.

#20 தோல்சூடு

ஏம்மா, இடி?

#21 ஈரக்காற்று

சரி, இடி ஒன்றை விட்டுவிடுங்கள். இல்லை, விடவும் வேண்டாம். இடியைப் பறை என்று நினைத்து அசுணம் செத்துப்போகிற ஒரு இரவு இருக்கட்டும். யாரும் கொல்லாமல்.

#22 கல்லடி

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். இந்தத் தப்பாகக் கேட்கிற கதை எங்கட ஊருக்கே பொருந்தும்.

எங்கட வாவியில் மீன் பாடும் என்று சொல்வார்கள். மீன்பாடும் தேனாடு என்றுதான் பெயரே. முழுநிலவு இரவில், தண்ணீர் ஆடாமல் கிடக்கும்போது, கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியில் காதை வைத்துக் கேட்க வேண்டும். 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கில அரசின் அதிகாரி வந்து கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார்: ஒரே நீண்ட சுரம் இல்லை, ஏராளமான சின்னச் சின்னச் சுரங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்ப்பது போல என்று. அவருக்கு அங்கத்தைய மீனவர்கள் சொன்னது மீன் என்று இல்லை, ஊரி, அதாவது சிப்பி நத்தை வகை, அழுகிறது என்று. மீன் பாடுகிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள், ஊரி அழுகிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே சத்தம்தான்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் யாழ் நூல் எழுதினார், 1947இல் வெளிவந்தது, அதே ஆண்டில் அவர் காலமானார். பழைய யாழ் ஒன்றுகூட மிஞ்சாத நிலையில், பாட்டையும் உரையையும் கணக்கையும் வைத்து அதன் நரம்பையும் சுரத்தையும் மீட்க முயன்ற புத்தகம். அந்த நூலில் வாவிக்குள் இருந்து பாடும் நீரரமகளிர் வருகிறார்கள். மீனும் இல்லை ஊரியும் இல்லை, அவருக்கு அது தண்ணீர்ப் பெண்கள்.

என் அப்பா சின்ன வயதில் கேட்டிருக்கிறார். நான் வளர்ந்த காலத்தில் இரவில் தோணி எடுக்க முடியாது, நிலவோ இருட்டோ. பிறகு ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். துடுப்பை இறக்கினோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, தூரத்தில் வாகனம் போகிற அதிர்வு மட்டும். அவர் கனநேரம் காதை எடுக்கவில்லை. கேட்டதா என்று நான் கேட்கவில்லை.

#23 பனிக்காடு

கல்லடி, இதற்குப் பதில் எழுதத் தெரியவில்லை. படித்தேன் என்பதற்காக இதைப் போடுகிறேன்.

#24 பழையபாட்டு

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மலைபடுகடாம் என்ற பழைய நூலின் பெயரே இந்த இழைக்கு உரியது. மலையை யானையாகவும் மலையில் எழும் ஓசைகளை அதன் மதநீராகவும் பார்த்த பெயர். நன்னன் என்ற மன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு வழியில் கேட்கப்போகிற ஓசைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார் பெருங்கௌசிகனார். அருவியும் யானையும் மட்டும் இல்லை. முள்ளம்பன்றி முள் பாய்ந்த கானவர் அழுகிற சத்தமும் அதில் உண்டு. புலி பாய்ந்த கணவன் மார்பில் புண் ஆறுவதற்குக் காப்பாகக் கொடிச்சியர் பாடும் பாட்டும் உண்டு. மனிதர் வலியும் மலையின் சத்தத்தில் ஒன்று.

புண்பட்டவனுக்காகப் பாடுவது புறநானூறு 281லும் வருகிறது. வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு சிதறி, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி அவனைக் காப்போம் வா என்று ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். பிழைத்தானா என்று பாட்டில் இல்லை.

#25 கரட்டுமேடு

பத்து நாளாக எதுவும் எழுதாமல் இந்த இழையை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். குழல்காரனைத் தூக்கிவிட்டேன். இப்போது தினைக்காவல் பெண் ஒருத்திதான் கதை. சின்ன வயதில் ஒரு காது போய்விட்டது. ஒற்றைக் காதில் கேட்பதால் சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. ஊரெல்லாம் மயங்குகிற இடத்தில் அவள் மயங்க மாட்டாள், ஊரில் யாரும் மயங்காத இடத்தில் அவள் மயங்குவாள். மூங்கில் பூத்துச் செத்த மறு வருடம் கதை தொடங்குகிறது. ஒரு பத்தி போடுகிறேன், திட்டுவதானால் திட்டுங்கள்.

"மேல்காற்று இறங்கியதும் செத்த மூங்கில் எல்லாம் ஒன்றாகப் பேசத் தொடங்கியது. பரணில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அவரவர் வீட்டில் இருந்து யாரோ கூப்பிடுவதாக நினைத்துக் கீழே இறங்கிப் போனார்கள். குமிழி மட்டும் கழைக்குக் கழை காதை வைத்துப் பார்த்தாள். ஏழாவது கழையில் துளை கைக்கு எட்டியது. விரலால் அடைத்தாள். அந்த ஒரு சுரம் நின்றது. எதிர்மலைக் குகைக்குள் இவ்வளவு நேரம் மூச்சுப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, காலை மாற்றி வைத்தது. உள்ளே இருந்த வண்டு அவள் விரலை முட்டியது."

#26 ஈரக்காற்று

குகைக்குள் கால் மாற்றி வைத்தது நன்றாக இருக்கிறது. ஆனால் வண்டு உள்ளே இருக்கிற கழை இவ்வளவு நன்றாக ஊதாது, மகரந்தமும் தூளுமாக உள்ளே அறை அறையாக அடைத்து வைத்திருக்கும். வண்டு விட்டுப்போன பழைய துளையாக மாற்றுங்கள். கடைசி வாக்கியம் போகும், போகட்டும்.

#27 கரட்டுமேடு

அந்த வாக்கியத்துக்காகத்தான் அக்கா பத்தியே எழுதினேன். சரி, எடுத்துவிட்டேன்.

#28 தோல்சூடு

பறை எந்த அத்தியாயத்தில் வருகிறது?

#29 கரட்டுமேடு

ஒன்பதில் அண்ணா. அவளேதான் அடிக்கிறாள். நல்ல மழை.

#30 தோல்சூடு

மழையா? அதை எழுதுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு. நெருப்பை எங்கே மூட்டுவாள், எதை எரிப்பாள் என்று முதலில் முடிவு பண்ண வேண்டும். அது இல்லாமல் அத்தியாயம் ஒன்பது நடக்காது.